அரசாங்க ஜால்ரா

கோரிமேடு மைதானத்தில்
ஐந்தரை இருட்டில் ஈரப்புல் மிதித்து நிற்கிறோம்
இருபத்தாறு பேர்.
முதல் மாதம் வாத்தியமே கிடையாது.
கால்தான்.
இடது காலில் தொடங்கு,
இடது காலில் முடி,
நடுவில் உனக்கொரு உடம்பு இருப்பதை மறந்துவிடு
என்பார் பேண்ட் மேஜர் அருளப்பன்.

நான் கார்னெட்டுக்கு வந்தவள்.
வில்லியனூர் மாதா தேர்பவனியில்
மாமன்களுக்கு நடுவே நின்று ஊதியவள்.
தேர்வன்று என் சுரம் மேலேறியபோது
மதிப்பெண் எழுதிக்கொண்டிருந்த அதிகாரி
பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.
அந்தப் பேனா மூடியை நினைத்தே
ஆறு வாரம் தூங்கினேன்.

ஏழாவது வாரம், ஐப்பசி மழை.
மரப்பாலத்தில் ஸ்கூட்டர் சறுக்கியது.
முழங்கால் தோல், ஒற்றைச் செருப்பு,
முன்பல்லில் பாதி.
தோல் வளர்ந்துவிட்டது.
செருப்பைக்கூட யாரோ எடுத்து வைத்திருந்தார்கள்.

பல் டாக்டர் பீங்கானில் ஒரு தொப்பி மாட்டினார்.
சிரிக்கலாம், கடிக்கலாம், முறுக்கு மட்டும் வேண்டாம்.
ஊதலாமா என்றேன்.
ஊதிப் பாருங்க என்றார்.
மவுத்பீஸுக்கும் உதட்டுக்கும் நடுவே
ஒரு நூல் காற்று
யாரிடமும் சொல்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

மேஜர் காதைச் சாய்த்துக் கேட்டார்.
திட்டவில்லை, அதுதான் பயமாயிருந்தது.
ஸ்டோர் ரூமுக்குப் போனவர்
இரண்டு பித்தளைத் தட்டுகளோடு வந்தார்.

சாயங்காலத்துக்குள் தட்டாஞ்சாவடி முழுக்கச் சேதி.
"ஊர்ல எல்லாரும் அதிகாரிக்கு ஜால்ரா அடிப்பான்.
நம்ம மர்செலின்
சர்க்காருக்கே அடிக்கப் போவுது,
அதுவும் சம்பளத்தோட!"
கறிக்கடை காதர் பாய் சொல்ல
வரிசையே சிரித்தது.
நானும் சிரித்தேன்,
உதட்டைத் திறக்காமல்.

சிம்பலை அடிக்கவே கூடாது, தெரியுமா?
நேருக்கு நேர் மோதினால்
நடுவில் காற்று மாட்டிக்கொண்டு
பொக்கென்று ஓர் ஏப்பம், அவ்வளவுதான்.
ஒன்று கொஞ்சம் முந்த வேண்டும்,
மற்றது விளிம்பால் வந்து உரசிப் போக வேண்டும்.
அதற்கே பதினோரு நாள்.
சத்தத்தை நிறுத்த மார்போடு அணைக்க வேண்டும்.
காக்கிச் சட்டையில் இரண்டு பிறைக் கறை,
எந்த சோப்புக்கும் போகவில்லை.

அடிப்பது அரை நொடி.
மிச்சமெல்லாம் எண்ணுவது.
மெதுநடை மெட்டில் எனக்கு
அறுபத்து நான்கு பார் ஓய்வு.
என் தாளில் அதற்கு ஒரு தடித்த கோடு,
கோட்டின் மேல் ஓர் எண்.
நெல்லித்தோப்பு சிக்னலில் எண்ணினேன்,
சிவப்பு தொண்ணூறிலிருந்து இறங்க
நான் ஒன்றிலிருந்து ஏறினேன்.
கரண்ட் பில் வரிசையில் எண்ணினேன்.
வீட்டுக்காரர் ஏதோ முக்கியமாய்ச் சொன்னபோது
ஐம்பத்தெட்டில் இருந்தேன்,
வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒத்திகையில்
நாற்பத்தொன்றில் ஒரு நாய்
கொடிமரத்தைச் சுற்றி வந்தது.
நாயைப் பார்த்தேன்.
திரும்பி வந்து கையில் அகப்பட்ட எண்
ஐம்பதா, அறுபதா?
அடித்துவிட்டேன்.
தன்னந்தனியாக, மைதானத்தின் நட்டநடுவில்.
சிம்பல் கேட்டால் திரும்பு என்று பழக்கியிருந்தார்கள்.
அணியில் பாதி வலப்பக்கம் திரும்பியது,
மீதி அவர்களைத் திரும்பிப் பார்த்தது,
நாய் உட்கார்ந்துகொண்டது.

தட்டுகளைத் தலைக்கு மேல் பிடித்தபடி
ஆறு சுற்று.
வெயில் பித்தளையில் பட்டு
எதிர் ஆபீஸ் ஜன்னல்களில் என்னோடு ஓடியது.
நாலாவது சுற்றில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது,
அதற்கு இன்னும் இரண்டு.

இன்றைக்கு நிறைவு அணிவகுப்பு.
சிவப்புத் தொப்பி புருவம் வரை இறங்கியிருக்கிறது.
மூன்றாம் வரிசை நாற்காலியில் காதர் பாய்,
சலவைச் சட்டையில் அடையாளமே தெரியவில்லை.

பதினாறு. பதினேழு.
என் கார்னெட் இப்போது சந்தானராசுவிடம்.
நன்றாகத்தான் ஊதுகிறான்.
முப்பதில், வாங்கக் கூடாத இடத்தில்
மூச்சு வாங்குகிறான்.
நான் வாங்கியிருக்க மாட்டேன்.
முப்பத்தொன்று.
தோல்வாருக்குள் என் மூன்று விரல்கள்
தாமாக அமுங்கி எழுகின்றன,
ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும்,
ஒன்று மட்டும்.
பீங்கான் பல்லுக்குப் பின்னால்
நாக்கு தட்டுகிறது
து, து, து.
எண்ணிக்கை பிசகவில்லை.

நாய் வருகிறது.
வரட்டும்.
அறுபத்திரண்டு.
கைகளை விரிக்கிறேன்.
அறுபத்து மூன்று.